செப்பும் கூடையும்

‘செப்படி வித்தை’ இன்றைக்கு ஒரு வசவுச் சொல். பட்ஜெட்டில் கணக்கைத் திரித்தால் செப்படி வித்தை, தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணி மாறினால் செப்படி வித்தை. மேடையில் பேசுகிற நம்ம தோழர்களும் இந்தச் சொல்லை விடுவதில்லை. வித்தைக்காரன் என்றாலே ஏமாற்றுக்காரன் என்று பொதுப்புத்தியில் ஏற்றியாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குள் இருக்கிற பொருளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

செப்பு என்றால் சிறு கிண்ணம், சிமிழ். பெண்பிள்ளைகள் சோறாக்கி விளையாடுகிற செப்புச் சாமானில் உள்ள அதே செப்புதான். தெருவித்தைக்காரர் தரையில் துணி விரித்து, செப்புகளைக் கவிழ்த்து வைப்பார். இதில் வைத்த பந்து அதில் இருக்கும். ரோமாபுரி அறிஞர் செனெகாவே இந்த வித்தையைப் பற்றி எழுதியிருக்கிறார், உலகமெங்கும் உள்ளதுதான். ஆனால் நம் பக்கத்துச் செப்புக்குத் தனி அமைப்பு உண்டு. மேலைநாட்டுக் கிண்ணம் உயரமானது. இங்குள்ளது தாழ்ந்து, மணிபோலக் கவிந்து, தலையில் ஒரு குமிழோடு இருக்கும். குமிழை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துத் தூக்க வேண்டும். விரலடியில் இடுக்கிய பந்து, செப்பு தரையைத் தொடுகிற கணத்தில் உள்ளே போய்விடும். குமிழ் பெருத்தால் விரல் மாட்டிக்கொள்ளும், சிறுத்தால் நழுவும். இதைக் கடைந்து கொடுத்தவருக்கும் பாதி வித்தை தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஐரோப்பிய, அமெரிக்க வித்தைக்காரர்களும் சேகரிப்பாளர்களும் பொத்திப் பொத்தி வைக்கிற பொருள் ஒன்று ‘ஒகிடோ பெட்டி’. காசு வைத்து மூடுகிற சின்ன வட்டச் சிமிழ், அவ்வளவுதான். அதை உருவாக்கியவர் தியோ பாம்பெர்க் (1875–1963) என்ற டச்சுக்காரர். சீன உடை உடுத்தி மேடையேறியவர். டோக்கியோ என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப்போட்டு ‘ஒகிடோ’ ஆனவர். ஆசியாவின் உடுப்பையும் ஊர்ப்பெயரையும் எடுத்துக்கொண்டவரின் பெயர் சிமிழுக்கு நிலைத்துவிட்டது. நம்ம செப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இந்தியக் கிண்ணம்’. கடைந்தவர் பெயர் எதுவும் அதில் ஒட்டவில்லை.

வித்தை காட்டியவர்களுக்கும் இதே கதிதான். 1813 வாக்கில் லண்டன் பால்மால் தெருவில் இந்திய வித்தைக்காரர் குழு ஒன்று ஆட்டம் காட்டியது. அந்தக் காலத்தில் புகழ்பெற்றவர் ‘ராமோ சாமி’. நம்ம ராமசாமிதான் அப்படித் திரிந்துபோனார். பந்துகளை வீசிப் பிடிப்பார், வாளை விழுங்குவார். 1819-இல் அமெரிக்கா வரை போனார். ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் 1821-இல் வெளியிட்ட நூலில் இந்திய வித்தைக்காரர்களின் கைத்திறனை வியந்து தனிக் கட்டுரையே எழுதினார். 1850-இல் ராமசாமி லண்டனில் செத்தபோது அடக்கம் பண்ணக் காசில்லை. அவருடைய மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்க வேண்டியிருந்தது.

இதே சமயத்தில் சென்னையில் இன்னொருவர். 1830களின் தொடக்கத்தில் லண்டன் பத்திரிகைகள் இவரைச் ‘சேஷால்’ என்றும் ‘காற்றில் அமரும் பிராமணர்’ என்றும் எழுதின. ஒரு முக்காலி, அதில் செருகிய மூங்கில், மூங்கிலில் பொருத்திய மான்தோல் சுருள். சுருள்மீது கையை ஊன்றி அந்தரத்தில் உட்கார்ந்து ஜபமாலை உருட்டுவார். ஏறும்போதும் இறங்கும்போதும் போர்வையால் மறைத்துக்கொள்வார்கள். சூட்சுமத்தைப் பின்னால் வித்தைக்காரர்கள் விளக்கினார்கள்: மூங்கிலுக்குள் ஓடுகிற இரும்புக் கம்பி மான்தோல் வழியாகச் சட்டைக் கைக்குள் நுழைந்து, உடுப்புக்கு அடியில் உட்காரும் சட்டமாக முடிகிறது. பாரம் தாங்கியது கொல்லர் அடித்த இரும்பு. வெளியே தெரிந்தது மான்தோலும் மாலையும். வாள் விழுங்கினால் வெறும் வித்தைக்காரர், அந்தரத்தில் உட்கார்ந்தால் பிராமணர்! (வித்தைச் சாமான்களில் மான்தோலுக்கு நிகர் எது?)

1847-இல் பாரிஸில் ராபர்ட் ஊதென் தன் மகனை ஒரு கோலின்மேல் அந்தரத்தில் படுக்க வைத்தார். ஈதர் ஆவியின் மகிமை என்று அறிவியல் பூச்சும் பூசினார். 1865-இல் லண்டன் எகிப்திய மண்டபத்தில் ஸ்டோடேர் ‘இந்தியக் கூடை வித்தை’யைக் காட்டினார். கூடைக்குள் ஆளை வைத்து வாளால் குத்துவது. நம் தெருக்களில் அது வாய் குறுகி, வயிறு பருத்த பிரம்புக் கூடை. உள்ளே இருக்கிற பிள்ளை கூடையின் வயிற்றை ஒட்டி உடம்பை வளைத்துக்கொள்ளும், வாள் நடுவே போகும். முடைந்தவர் கையும் பிள்ளையின் முதுகெலும்பும் சேர்ந்த வித்தை இது. லண்டனில் அதற்கு டிக்கெட் போட்டு ரசித்தார்கள்.

நாம் செய்யாத வித்தைதான் நமக்குப் பெரும்புகழ் தந்தது என்பது வேடிக்கை. கயிறு வானத்தில் நிற்க, பையன் ஏறி மறைந்தான் என்ற செய்தியை 1890-இல் சிகாகோ டிரிபியூன் வெளியிட்டது. சில மாதத்தில் அது கட்டுக்கதை என்று அதே பத்திரிகை ஒப்புக்கொண்டது. யார் கேட்டார்கள்?

இந்தப் பக்கம் சட்டம் வேறு வேலை செய்தது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் விரிவாகிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த பல சாதிகள் போலீஸ் பதிவேட்டில் ஏறின. கழைக்கூத்தாடும் தொம்பரரை 1909-இல் தர்ஸ்டன் தன் தொகுதிகளில் விவரித்தார். ‘டொம்பரா’ என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் ஒழிந்தது. ஆனால் சென்னையில் 1945-லேயே பிச்சைத் தடுப்புச் சட்டம் வந்திருந்தது. 1959-இல் வந்த பம்பாய்ச் சட்டம், பாடியோ ஆடியோ குறி சொல்லியோ வித்தை காட்டியோ காசு வாங்கினாலும் பிச்சை என்றது. ‘கீரி பாம்புச் சண்டைன்னு சொல்லித் தாயத்து வித்துட்டான்’ என்று மோடி மஸ்தானைப் பற்றிச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பைத்தான் அது சட்டப் பிரிவாக எழுதியது.

டெல்லி சாதிப்பூர் பக்கம் கட்புத்லி காலனி. பொம்மலாட்டக்காரர்களும் வித்தைக்காரர்களும் பல பத்தாண்டுகள் குடியிருந்த இடம். 1995-இல் குதுப்மினார் அருகே திறந்தவெளியில் கயிறு வித்தையைச் செய்துகாட்டிய இஷாமுதீன் கான் போன்றவர்களின் உலகம். அடுக்குமாடி கட்டுவதற்காக 2017 அக்டோபர் 30 அன்று புல்டோசர் வந்தது. போலீசும் வந்தது. குடும்பங்களை ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்கும் நரேலாவுக்கும் அனுப்பினார்கள். பம்பாய்ச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் டெல்லியில் செல்லாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது 2018 ஆகஸ்டில். அதற்குள் ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, காலனி தரைமட்டமாகி.