எல்லைக்கோட்டு ஸ்லைடுகள்: மார்பகத் திசு நோயறிதலில் தொடர்கல்வி வளர்ந்த விதம்

ஜுவான் ரோசாய் உலகறிந்த நோயியல் அறிஞர். அறுவை நோயியல் பயின்றவர்கள் கையில் அவர் பதிப்பித்த பாடநூல் இல்லாமல் இருந்திருக்காது. 1991இல் அவர் மார்பகத் திசு நேர்வுகள் 17ஐத் தேர்ந்தெடுத்து, அத்துறையில் பெயர்பெற்ற ஐந்து பேரிடம் கருத்துக் கேட்டார். ஒரு நேர்வில்கூட ஐவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. நால்வர் ஒத்துப்போனதே மூன்றில்தான். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேர்வுகளில், ஒருவர் வெறும் செல் பெருக்கம் என்று எழுதியதை இன்னொருவர் நாளத்துக்குள் அடங்கிய புற்றுநோய் என்று எழுதியிருந்தார்.

அந்த ஐவரும் கற்றுக்குட்டிகள் அல்லர், பிறருக்குக் கற்றுக்கொடுப்பவர்கள். அதனால்தான் இம்முடிவு துறையை உலுக்கியது. தெரியாத நோயைத் தெரியவைப்பதே தொடர்கல்வி என்ற பழைய எண்ணம் இங்கே போதவில்லை. அடுத்து வந்த முப்பது ஆண்டுகளில் இக்கல்வியின் நோக்கமே மெல்ல மாறியது. ஒவ்வொரு மருத்துவரும் மற்றவர்களிடமிருந்து எங்கே, எந்தப் பக்கமாக விலகுகிறார் என்பதை அவருக்கே காட்டுவது அதன் மைய வேலையானது. அந்த மாற்றத்தின் படிகளை இக்கட்டுரை தொடர்கிறது.

இரண்டு நாளங்களா, இரண்டு மில்லிமீட்டரா?

மேமோகிராம் பரவுவதற்கு முன் நுண்ணோக்கிக்கு வந்தவை பெரும்பாலும் கைக்குத் தட்டுப்பட்ட கட்டிகள். பரிசோதனை முகாம்கள் பெருகியதும், படத்தில் தெரிந்த கால்சியத் துகள்களைத் தொடர்ந்து எடுக்கப்பட்ட மிகச் சிறிய திசுக்கள் வரத் தொடங்கின. சிக்கலான நேர்வுகள் அவற்றில்தான் மிகுதி.

பால்நாளத்தின் உட்புறத்தில் செல்கள் பெருகுவது பல விதம். சாதாரணப் பெருக்கத்தில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்கின்றி நெரிசலாக இருக்கும். இடையிலுள்ள துளைகள் கீற்றுப்போல் ஒடுங்கியிருக்கும். தாழ்நிலைப் புற்றுநோயில் செல்கள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் சீராக அமைந்து, வட்டத் துளைகளைச் சுற்றி நிற்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது இயல்புமாறிய பெருக்கம். இங்கேயும் செல்கள் புற்றுநோய்ச் செல்களைப் போலவே தோன்றும். பரப்பு மட்டும் குறைவு.

நடுவிலிருக்கும் இந்த வகைக்கு ஏன் தனிப் பெயர் வேண்டும் என்பதற்கு விடை 1985இல் கிடைத்தது. நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டுபாண்ட், டேவிட் பேஜ் இருவரும் 10,366 பழைய திசு ஆய்வுகளை மீண்டும் பார்த்து, 3,303 பெண்களின் பிற்கால நிலையைத் தொடர்ந்தனர். செல் பெருக்கம் இல்லாத பெண்களைவிட, இயல்புமாறிய பெருக்கம் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து 5.3 மடங்கு இருந்தது.

ஆனால் அந்த வகை எங்கே முடிகிறது, புற்றுநோய் எங்கே தொடங்குகிறது? முழுக்க நிரம்பிய இரண்டு நாள இடைவெளிகளாவது இருந்தால்தான் புற்றுநோய் என்றார் பேஜ். 2 மில்லிமீட்டர் என்ற அளவை ஃபத்தானே தவஸ்ஸோலியும் ஹென்றி நோரிஸும் 1990இல் முன்வைத்தனர். இரண்டு நாளங்களை நிரப்பியும் மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டரே இருக்கும் ஒரு மாற்றம், ஓர் அளவுகோலில் புற்றுநோய், மற்றதில் அல்ல. பெண்ணுக்கு இது சொல்லாட்சிப் பிரச்சினை அல்ல. முதல் முடிவு அறுவைக்கும் பல நேரங்களில் கதிர்வீச்சுக்கும் இட்டுச்செல்லும். இரண்டாவது முடிவு, பெரும்பாலும் தொடர் கண்காணிப்போடும் சிலருக்குத் தமாக்சிஃபென் மாத்திரையோடும் நிற்கும்.

1992இல் ஸ்டூவர்ட் ஷ்னிட் தலைமையிலான குழு இன்னொரு சோதனை செய்தது. ஆறு வல்லுநர்கள், 24 நேர்வுகள். இம்முறை எல்லோரும் பேஜின் அளவுகோலையே கையாள வேண்டும் என்பது நிபந்தனை; தன் சொந்த அளவுகோலை வைத்திருந்த தவஸ்ஸோலியும் அதற்கு உடன்பட்டார். 14 நேர்வுகளில், அதாவது 58 விழுக்காட்டில், அறுவரும் ஒத்துப்போயினர். நால்வராவது ஒத்துப்போனவை 92 விழுக்காடு. பொது அளவுகோலைக் கைக்கொண்டால் கருத்து வேற்றுமை குறையும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் மறையாது என்பதற்கும் இதுவே சான்று.

சுற்றுக்கு வந்த ஸ்லைடுகள்

பிரிட்டனில் ஃபாரஸ்ட் குழுவின் 1986ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1988இல் நாடு தழுவிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. ஒரே நாட்டில் ஊருக்கு ஒரு முடிவு என்றால் திட்டமே ஆட்டம்காணும். எனவே எழுத்து வடிவ வழிகாட்டியோடு, வெளித் தர மதிப்பீட்டுத் திட்டமும் உருவானது. லிவர்பூலின் ஜான் ஸ்லோன் இதில் முன்னின்றார். ஆண்டுக்கு இருமுறை ஒரே ஸ்லைடுத் தொகுப்பு மருத்துவர்களிடையே சுற்றுக்குப் போகும். ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு எழுதி அனுப்புவார்கள். பின்னர் எல்லா முடிவுகளும் ஒப்பிடப்படும்.

ஊடுருவிய புற்றுநோயில் ஒற்றுமை மிக உயர்ந்திருந்தது. இயல்புமாறிய பெருக்கத்தில் தாழ்ந்தே கிடந்தது. 1999இல் 12 ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 23 நோயியல் மருத்துவர்களிடம் நடத்திய ஆய்விலும் பலவீனம் அதே இடத்தில்தான் தெரிந்தது.

தன் மதிப்பீடும் உண்மை நிலையும்

அதுவரை நடந்த சோதனைகள் பெரும்பாலும் வல்லுநர்களைப் பற்றியவை. அன்றாடம் ஸ்லைடு பார்க்கும் மருத்துவர்களின் நிலை என்ன? ஜோன் எல்மோரும் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. அமெரிக்காவின் எட்டு மாநிலங்களைச் சேர்ந்த 115 நோயியல் மருத்துவர்கள் ஆளுக்கு 60 நேர்வுகளைப் பார்த்தனர். மொத்தம் 6,900 முடிவுகள். வல்லுநர் மூவர் அடங்கிய குழுவின் முடிவோடு ஒப்பிட்டபோது ஊடுருவிய புற்றுநோயில் 96 விழுக்காடும், நாளத்துக்குள் அடங்கிய புற்றுநோயில் 84 விழுக்காடும் பொருந்தின. இயல்புமாறிய பெருக்கத்தில் பொருந்தியவை 48 விழுக்காடு மட்டுமே.

இந்த எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு அஞ்சத் தேவையில்லை. கடின நேர்வுகள் வேண்டுமென்றே மிகுதியாகச் சேர்க்கப்பட்ட தொகுப்பு அது. நடைமுறையில் வரும் விகிதத்துக்கு ஏற்பத் திருத்திக் கணக்கிட்டபோது 92.3 விழுக்காடு முடிவுகள் சரியாகவே நின்றன.

அதே ஆய்வின் இன்னொரு கிளை மேலும் கூர்மையானது. 49 மருத்துவர்களிடம் குறைந்தது ஒன்பது மாத இடைவெளிக்குப் பிறகு அவர்கள் ஏற்கெனவே பார்த்த ஸ்லைடுகளே மீண்டும் தரப்பட்டன. இயல்புமாறிய பெருக்கம் என்று முன்பு தாம் எழுதியதையே மறுபடி எழுதியவை 53 விழுக்காடுதான். அதாவது கருத்து வேற்றுமை ஆளுக்கு ஆள் மட்டுமல்ல. ஒரே ஆளுக்குள்ளும் இருந்தது.

இந்த இடத்தில்தான் தொடர்கல்வி புதிய வடிவெடுத்தது. பங்கேற்றவர்களில் 92 பேருக்கு, தத்தம் முடிவுகள் மூவர் குழுவோடு எப்படிப் பொருந்தின என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டும் இணையவழிப் பாடம் தரப்பட்டது. பாட்ரிஷியா கார்னி குழு 2016இல் அதன் விளைவை வெளியிட்டது. தாம் 81.4 விழுக்காடு பொருந்தியிருப்போம் என்று அவர்கள் மதிப்பிட்டிருந்தனர். உண்மையில் பொருந்தியது 75.9. இந்த மிகைமதிப்பீடு இயல்புமாறிய பெருக்கத்தில்தான் அதிகம். தாம் நோயைக் கூட்டிச் சொல்பவரா, குறைத்துச் சொல்பவரா என்பதைப் பாதிக்கு மேற்பட்டோரால் ஊகிக்கவே முடியவில்லை. பாடம் முடிந்தபின் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் புதிதாகக் கற்றதாகச் சொன்னார்கள். நடைமுறையில் மாற்றிக்கொள்ளும் வழியைக் குறிப்பிட்டவர்கள் 24 விழுக்காடுதான். கற்றதற்கும் கைக்கொள்வதற்கும் இடையிலான தூரத்தை இந்த இரு எண்களும் காட்டுகின்றன.

அந்தத் தூரத்தைக் கடக்க மற்றொரு வழி இரண்டாம் கருத்து. எல்மோர் குழு 2016இல் கணக்கிட்டபடி, இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறும்போது பிழை வகைப்பாடு 24.7 விழுக்காட்டிலிருந்து 18.1 ஆகக் குறைகிறது.

புதிய எல்லை

2022இல் டிரஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகன் என்ற மருந்து, ஹெர்2 புரதம் குறைவாக உள்ள புற்றுநோயிலும் பலனளிப்பது நிரூபணமானது. அதுவரை, சாயமேற்றிய ஸ்லைடில் அப்புரதத்தின் அளவுக்குத் தரும் மதிப்பெண் ‘0’ என்றாலும் ‘1+’ என்றாலும் சிகிச்சை ஒன்றுதான். இரண்டும் ஹெர்2 இல்லாதவையாகவே கொள்ளப்பட்டன. திடீரென அவற்றைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு 18 நோயியல் மருத்துவர்களை வைத்து நடந்த ஆய்வில், ‘0’, ‘1+’ பிரிப்பில் ஒற்றுமை 26 விழுக்காடு. ‘2+’, ‘3+’ பிரிப்பில் 58.

2023இல் அமெரிக்க வழிகாட்டி தந்த பரிந்துரைகள் பழகிய பாதையிலேயே செல்கின்றன: சாயமேற்றிய ஸ்லைடை 40 மடங்குப் பொருளருகு வில்லையில் பார்க்க வேண்டும், ‘1+’ அளவையும் உள்ளடக்கிய ஒப்பீட்டுத் திசுக்களை உடன் வைக்க வேண்டும், எல்லையருகே நிற்கும் நேர்வுகளை இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுவதைப் பரிசீலிக்க வேண்டும்.