மனாசே

‘மறக்கச் செய்பவன்’ என்று பொருள். மறத்தலைக் குறிக்கும் ‘நாஷா’ என்ற எபிரேய வேரிலிருந்து வந்த பெயர். அண்ணன்மாரால் விற்கப்பட்டு, செய்யாத குற்றத்துக்குச் சிறையிருந்த யோசேப்பு, எகிப்தில் தன் தலைமகனுக்கு இதை வைத்தார். பட்ட துன்பத்தையும் தகப்பன் வீட்டையும் கடவுள் மறக்கச் செய்தார் என்பது ஆதியாகமம் (41:51) சொல்லும் காரணம். ஆனால் நினைவு அழியவில்லை. பஞ்சத்தில் தானியம் வாங்க வந்த அண்ணன்மாரைக் கண்டதுமே அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஒதுங்கிப் போய் அழுதார். பழிவாங்கவில்லை, சோறிட்டார். மன்னித்த பிறகும் நினைவு வருகிறதே, என் விசுவாசம் பொய்யோ என்று கலங்கும் கிறிஸ்தவர்களுக்கு இந்த அழுகை பெரிய ஆறுதல். யோசேப்பின் இளைய மகன் பெயர் எப்பிராயீம், பலுகுதலைக் குறிப்பது.