24 மணி நேரத்தில் ஒரு கோட் சூட்: ஹாங்காங் தையல்காரர்களின் கதை

படிப்பு முடிந்து வேலைக்குப் போகிற யாருக்கும் ஒரு நாள் கோட் சூட் தேவைப்படும். ரெடிமேட் கடையில் தோள் சரியாக இருந்தால் கை நீளமாக இருக்கும், கை சரியாக இருந்தால் வயிறு பிடிக்கும். அளவெடுத்துத் தைக்கலாம் என்றால் பணமும் நேரமும் இடிக்கும். இந்த இரண்டு தொல்லையையும் தீர்க்கிற ஊர் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது ஹாங்காங். 1960களில் கப்பலில் வந்து இறங்கியவர் மறுநாளே புது சூட்டோடு திரும்பிப் போகலாம். அது எப்படி முடிந்தது? அதற்குப் பின்னால் ஒரு போர், ஒரு புரட்சி, ஒரு நாட்டுப் பிரிவினை என்று மூன்றும் இருக்கின்றன.

ஷாங்காயில் ஆரம்பம்

முதல் அபினிப் போரில் தோற்ற சீனா, 1842ல் நான்கிங் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஹாங்காங் தீவு பிரிட்டனுக்குப் போனது. ஷாங்காய் உட்பட 5 துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகர்களுக்குத் திறக்கப்பட்டன. வந்த வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டு தைக்க ஆள் வேண்டுமே! அந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டவர்கள் நிங்போ வட்டாரத்துத் தையல்காரர்கள். வெளிநாட்டவரை 'செம்பட்டை முடிக்காரர்கள்' என்று சீனர்கள் சொல்வது உண்டு. அவர்களுக்குத் தைத்ததால் இவர்களுக்கு 'சிவப்புக் கூட்டம்' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

இது லேசான வேலை இல்லை. சீனர்களின் பழைய அங்கியைத் துணியைத் தட்டையாக மடித்து வெட்டித் தைத்துவிடலாம். கோட்டு அப்படியில்லை. மார்பு, முதுகு, கை எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். உள்ளே குதிரை முடி கலந்த கேன்வாஸ் வைத்துக் கையால் தைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலும் ஈரத்திலும் துணியை உடம்பின் வளைவுக்குப் பழக்க வேண்டும். 1912ல் சீனா குடியரசானதும் உள்ளூர்ப் படித்தவர்களும் அதிகாரிகளும் சூட்டு போட ஆரம்பித்தார்கள். தொழில் இன்னும் வளர்ந்தது.

கத்திரிக்கோலோடு வந்தவர்கள்

1949 மே மாதம் கம்யூனிஸ்ட் படை ஷாங்காயைப் பிடித்தது. முதலாளிகள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். வாடிக்கையாளர் போனால் தையல்காரர் என்ன செய்வார்? பலர் அவர்கள் பின்னாலேயே ஹாங்காங்குக்கு வந்தார்கள். 1945ல் சுமார் 6 லட்சமாக இருந்த ஹாங்காங்கின் மக்கள் தொகை 1951ல் சுமார் 20 லட்சம் ஆனது. ஆலை வைத்திருந்தவர் ஆலையைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் கைத்தொழிலை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. அகதியாக வந்தவர்களுக்கு அதுதான் முதலீடு.

இன்னொரு பக்கம் 1947ல் இந்தியா பிரிந்தபோது சிந்து மாகாணம் பாகிஸ்தானுக்குப் போனது. ஊரை இழந்த சிந்தி இந்துக்கள் பலர், ஏற்கெனவே சிந்தி வணிகர்கள் இருந்த வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போனார்கள். ஹாங்காங்கும் அதில் ஒன்று. இவர்களுக்கு ஆங்கிலமும் வியாபாரமும் தெரியும். ஷாங்காய்க்காரர்களுக்கு வெட்டவும் தைக்கவும் தெரியும். முன்னால் கடையில் சிந்தி முதலாளி அளவெடுப்பார், பின்னால் பட்டறையில் சீனத் தையல்காரர் தைப்பார். இப்படி ஒரு கூட்டு பல கடைகளில் உருவானது. 1957ல் மெல்வானி குடும்பம் தொடங்கிய 'சாம்ஸ் டெய்லர்' இந்தக் கடைகளில் மிகவும் பிரபலமானது.

வேகம் வந்த கதை

ஹாங்காங் வரியில்லாத் துறைமுகம். அதனால் இங்கிலாந்துக் கம்பளித் துணி அங்கே மலிவாகக் கிடைத்தது. கூலியும் குறைவு. வாடிக்கையாளர்களோ பிரிட்டிஷ் சிப்பாய்களும் மாலுமிகளும். வியட்நாம் போர் சமயத்தில் சில நாள் விடுப்பில் அமெரிக்க வீரர்களும் வந்து குவிந்தார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் சூட்டு. விடுப்பு முடிவதற்குள் கொடுத்தால்தான் காசு. '24 மணி நேர சூட்' பிறந்தது இப்படித்தான்.

ஆனால் நேரத்தைக் குறைத்தால் எதையாவது வெட்டித்தானே ஆக வேண்டும்? வெட்டுப்பட்டது ட்ரையல். முறைப்படி என்றால் முதலில் வெள்ளை நூலால் தளர்வாக ஓட்டித் தைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். தோள் சரிவு, முதுகுச் சுருக்கம் எல்லாம் அப்போதுதான் தெரியும். பிரித்து, திருத்தி, மறுபடி போட்டுப் பார்த்த பிறகே முழுத் தையல். ஒரே நாளில் இதற்கெல்லாம் இடமில்லை. கேன்வாஸைக் கையால் தைப்பதற்குப் பதில் பசைத் துணியை வைத்து ஒட்டிவிடுகிற வழக்கமும் பின்னால் வந்தது. இதனால் 'ஹாங்காங் சூட்' என்றால் மட்டம் என்ற பேச்சும் கிளம்பியது. இது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவசரம் வாடிக்கையாளருடையது. நேரம் கொடுத்தவர்களுக்கு அதே கைகள் லண்டன் சாவில் ரோ தையலோடு ஒப்பிடும்படி தைத்துக் கொடுத்தன.

1978க்குப் பிறகு சீனா கதவைத் திறந்ததும் தையல் வேலையில் ஒரு பகுதி எல்லை தாண்டி ஷென்சென்னுக்குப் போனது. 1997ல் பிரிட்டிஷ் படையும் கிளம்பிவிட்டது. மிஞ்சிய கடைகள் இன்னொரு வழி கண்டுபிடித்தன. வாடிக்கையாளர் வராவிட்டால் என்ன, நாமே போவோம் என்று அமெரிக்க, ஐரோப்பிய ஹோட்டல்களில் அறை எடுத்து அளவெடுக்கக் கிளம்பினார்கள்.

முதல் முறை அளவு கொடுக்கப் போகிறவர்களுக்கு இந்த வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது. துணி என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை ட்ரையல் என்று கேளுங்கள். ஒரே தடவையில் 3 சூட்டும் 6 சட்டையும் ஆர்டர் கொடுக்காமல் ஒரு சூட்டு, ஒரு சட்டை மட்டும் தைக்கக் கொடுங்கள். சட்டையை இரண்டு தடவை துவைத்துக் காலர் சுருங்குகிறதா என்று பார்த்துவிட்டு மீதியைச் சொல்லலாம். நல்ல தையல்காரர் கேட்பது நம் பணத்தை மட்டுமல்ல, நம்முடைய நேரத்தையும்தான்.