செய்தியாளரும் செவிவழிச் செய்தியும்: வால்டர் குரோன்கைட்டும் 1968ஆம் ஆண்டு ஒளிபரப்பும்

முன்னுரை

தொலைக்காட்சிச் செய்தி அறிவிப்பாளர் ஒருவரின் சொல் ஒரு போரின் போக்கையே மாற்றியது என்னும் கூற்று அமெரிக்க இதழியல் வரலாற்றில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. வியட்நாம் போர் குறித்து வால்டர் குரோன்கைட் 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் வழங்கிய நிகழ்ச்சியைக் கண்ட அதிபர் லிண்டன் ஜான்சன், குரோன்கைட்டை இழந்ததால் நாட்டையே இழந்துவிட்டதாகக் கூறினார் என்பதே அதன் சாரம். நூல்கள் பலவற்றில் இச்செய்தி ஐயத்திற்கிடமின்றி எடுத்தாளப்பட்டுள்ளது. குரோன்கைட்டின் வாழ்வைச் சுருங்கக் கூறி, இக்கூற்றுக்குரிய சான்றுகள் எத்தன்மையன என ஆராய்வதே இக்கட்டுரையில் நம் நோக்கமாகும்.

செய்தி முகமையில் பெற்ற பயிற்சி

குரோன்கைட் 1916ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் பிறந்தார். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், பட்டம் பெறாமலே 1935இல் வெளியேறி இதழியல் பணியை நாடினார். 1937இல் யுனைடெட் பிரஸ் செய்தி முகமையில் சேர்ந்தார். விரைவு, சுருக்கம், பிழையின்மை ஆகிய மூன்றையும் அவருக்குக் கற்பித்த களம் இதுவே எனலாம். 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற குண்டுவீச்சு விமானம் ஒன்றில் அவரும் உடன் சென்றார். அதே தாக்குதலுக்குச் சென்ற நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ராபர்ட் போஸ்ட் உயிருடன் திரும்பவில்லை. போருக்குப்பின் நியூரம்பர்க் விசாரணைகளையும் குரோன்கைட் செய்தியாக்கினார், மாஸ்கோவிலும் பணியாற்றினார்.

போர்க்காலத்தில் சி.பி.எஸ். நிறுவனத்தின் எட்வர்ட் மர்ரோ விடுத்த அழைப்பை ஏற்க மறுத்த அவர், 1950இல்தான் அந்நிறுவனத்தில் இணைந்தார். 1962 ஏப்ரல் 16ஆம் நாள் அதன் மாலைச் செய்தியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் பிறர் எழுதியதை வாசிப்பவராக மட்டும் இருக்கவில்லை. அந்நிகழ்ச்சியின் நிர்வாக ஆசிரியர் பொறுப்பையும் வகித்தார். 15 நிமிடங்களாக இருந்த செய்தி 1963 செப்டம்பர் 2 முதல் 30 நிமிடங்களாக விரிவடைந்தது.

அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது, ஒளிப்படக் கருவி இயங்குநிலைக்கு வர நேரம் பிடித்தமையால், முதற் செய்தியைக் குரல்வழி மட்டுமே அவரால் அறிவிக்க முடிந்தது. பின்னர் அதிபரின் இறப்பை அறிவிக்கையில் கண்ணாடியைக் கழற்றி, கடிகாரத்தை நோக்கி, இறந்த நேரத்தைக் கூறினார். துயரத்திற்கிடையிலும் நேரத்தைச் சரியாகக் கூற முற்பட்ட இச்செயலில் முகமைச் செய்தியாளரின் பழக்கத்தையே நாம் காண்கிறோம்.

1968 பிப்ரவரி 27

1968 ஜனவரி இறுதியில் தொடங்கிய டெட் தாக்குதலுக்குப்பின் குரோன்கைட் வியட்நாம் சென்று திரும்பினார். பிப்ரவரி 27ஆம் நாள் ஒளிபரப்பான சிறப்பு நிகழ்ச்சியின் இறுதியில், போர் வெற்றி தோல்வியற்ற தேக்கநிலையில் உள்ளது என்றும் பேச்சுவார்த்தையே அறிவார்ந்த வழி என்றும் கூறினார். இது தம் சொந்தக் கருத்து என்பதை அவர் வெளிப்படையாகவே குறிப்பிட்டார்.

இனி ஜான்சன் பற்றிய கூற்றைக் காண்போம். ஆய்வாளர் ஜோசப் கேம்பல் சுட்டிக்காட்டியவாறு, நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவில் ஜான்சன் வெள்ளை மாளிகையில் இல்லை. டெக்சாஸ் ஆளுநர் ஜான் கானலியின் பிறந்தநாள் விழாவிற்காக ஆஸ்டினில் இருந்தார். அவர் கூறியதாகச் சொல்லப்படும் வாசகமும் நூலுக்கு நூல் வேறுபடுகிறது. மேலும், மார்ச் 18ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் உரையாற்றிய ஜான்சன், போரில் வெல்ல நாடு முழுமையும் முனைய வேண்டும் என்றே வலியுறுத்தினார். மூன்று வாரங்களுக்கு முன் மனம் உடைந்தவரின் பேச்சாக இதனைக் கொள்ள இயலாது.

பொதுமக்கள் கருத்தும் குரோன்கைட்டுக்காகக் காத்திருக்கவில்லை. 1967 அக்டோபரில் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், படைகளை அனுப்பியது தவறு என 47 விழுக்காட்டினரும் தவறன்று என 44 விழுக்காட்டினரும் கூறியிருந்தனர். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், குரோன்கைட்டுக்கு நான்கு நாள்கள் முன்பாகவே, போர் முயற்சி தோல்வியில் முடியக்கூடும் எனத் தலையங்கம் தீட்டியிருந்தது. மார்ச் 12ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் முதல்நிலைத் தேர்தலில் யூஜின் மெக்கார்த்தி ஏறத்தாழ 42 விழுக்காடு வாக்குகள் பெற்றதும், அம்மாத இறுதியில் மூத்த ஆலோசகர்கள் போரிலிருந்து விலகும் வழியைப் பரிந்துரைத்ததும் அதிபரை நேரடியாக அழுத்திய நிகழ்வுகளாகும். மார்ச் 31ஆம் நாள் ஜான்சன் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என அறிவித்தார்.

செல்வாக்கும் அதன் எல்லையும்

1969 ஜூலையில் நிலவில் மனிதன் இறங்கிய நிகழ்வை விளக்கியது, 1977 நவம்பரில் எகிப்தின் சதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் நேர்கண்டது ஆகியவை குரோன்கைட்டின் பெருமைக்குரிய பணிகள். எனினும் அவரது செல்வாக்கிற்கும் எல்லை இருந்தது. 1972 அக்டோபரில் வாட்டர்கேட் ஊழல் குறித்து அவர் இரு பகுதிகளாக அளித்த செய்தித் தொகுப்பில், வெள்ளை மாளிகையின் எதிர்ப்பை அடுத்து இரண்டாம் பகுதி சுருக்கப்பட்டது. நாட்டின் மிகுந்த நம்பிக்கைக்குரியவர் என்னும் பட்டத்திற்கு அடிப்படையான 1972ஆம் ஆண்டுக் கருத்துக்கணிப்பும் அவரை அரசியல்வாதிகளோடுதான் ஒப்பிட்டது. பிற செய்தியாளர்களோடு அன்று.

முடிவுரை

1981 மார்ச் 6ஆம் நாள் மாலைச் செய்தியிலிருந்து விடைபெற்ற குரோன்கைட், 2009 ஜூலை 17ஆம் நாள் தம் 92ஆம் அகவையில் மறைந்தார். ஜான்சன் பற்றிய கூற்றை விலக்குவதால் அவரது பெருமை குறைவதில்லை. தம் கருத்தையும் செய்தியையும் பிரித்துக் காட்டியவர் என்பதே அவருக்குரிய சிறப்பு. அக்கூற்றை ஏற்பதால் மறைக்கப்படுவோர் வேறு சிலர்: வாக்குச்சாவடியிலும் வீதியிலும் வீட்டிலும் தம் மனத்தைத் தாமே மாற்றிக்கொண்ட எளிய மக்கள். ஒருவர் ஓரிரவில் பேசியதை மட்டும் எழுதும்போது, பலர் பல மாதங்கள் எண்ணியது வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போகிறது. ஆகவே, இனிய கூற்று ஒன்று நம் கைக்கு வரும்போது, அன்றிரவு அதனைச் சொன்னவர் எங்கிருந்தார் என முதலில் வினவுதல் நம் கடமையாகும்.