ஜீனோவைப் பார்த்தவர்கள் கை தூக்கவும்

மலர்க் குழுவினர் "வரலாறு மாதிரி ஏதாவது எழுதப்பா" என்றார்கள். கல்லூரி வரலாற்றை எழுத மூத்தவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் டி.வி.யில் வந்த விஞ்ஞானக் கதைகளின் வரலாறு. சின்ன வரலாறுதான், பயப்பட வேண்டாம்.

அமெரிக்காவில் 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்', 1980-களில்தான் தூர்தர்ஷன் வழியாக நம் வீடுகளுக்கு வந்தது. பின்னாலேயே நம் நாட்டுத் தயாரிப்பாக 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', 'இந்திரதனுஷ்'. இரண்டும் இந்தி. நம்ம சிங்காரப்பேட்டைப் பக்கம் எத்தனை பேருக்கு இந்தி தெரியும்? படத்தை மட்டும் பார்த்து, கதையை நாமே கட்டிக்க வேண்டியதுதான். 1998-ல் கேத்தன் மேத்தாவின் 'கேப்டன் வ்யோம்' வந்தபோது என் வயதுப் பையன்களும் அதைத்தான் செய்தோம். மிலிந்த் சோமன் விண்வெளியில் யாரையோ துரத்தினார். நாங்களும் கூடவே துரத்தினோம்.

தமிழில் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது: சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனில் நாடகமானது. எழுதியவர் நம்மைப் போல ஓர் எஞ்சினியர். ஓசூர் எல்லையைத் தாண்டினால் வரும் பெங்களூரில், பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு உண்டு. கதை நடப்பது 2021-ல். ஜீவா என்பவரின் சர்வாதிகார ஆட்சி. பெயர் இரண்டே எழுத்து. பிள்ளை பெற அரசாங்க அனுமதி. நடுவில் ஜீனோ என்கிற இயந்திர நாய், மனுஷனைவிடத் தெளிவாக யோசிக்கும். அந்த 2021-ஐ நாம் தாண்டி வந்தாயிற்று. பேசும் இயந்திரம் ஒவ்வொருவர் பாக்கெட்டிலும் இருக்கிறது.

என் கணக்கில் மேலே சொன்ன எல்லாவற்றிலும் இதுதான் முதல். மற்றதெல்லாம் ராக்கெட்டையும் லேசர் துப்பாக்கியையும் நம்பின. இது ஒரு கேள்வியை நம்பியது: ஆட்சி நம்மை நம்பராக எண்ண ஆரம்பித்தால் என்ன ஆகும்? இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் நாவலைப் படியுங்கள், அடுத்து 'மீண்டும் ஜீனோ'. வெளிநாட்டில் இதே ஜாதி, 2011-ல் தொடங்கிய 'ப்ளாக் மிர்ரர்'. 'ஸ்டார் ட்ரெக்' பழசையும் விடாதீர்கள். அட்டை செட்தான், ஆனால் கிர்க்கும் ஸ்பாக்கும் போடும் வாக்குவாதம் அட்டை இல்லை.

இன்னொரு சேதி. பி.பி.சி. 1963-ல் தொடங்கிய 'டாக்டர் ஹூ'வின் பழைய டேப்புகளை அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களுக்குப் படம் இல்லை. ஆனால் அவற்றின் ஒலி முழுக்க இருக்கிறது, ரசிகர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்ததால். 2013-ல் சில அத்தியாயங்கள் நைஜீரியாவிலிருந்தே கிடைத்தன.

ஆகவே சீனியர் அண்ணன்மார்களே, அக்காமார்களே! ஜீனோ நாடகத்தை அந்நாளில் வி.சி.ஆரில் பதிவு செய்தவர்கள் யாராவது இருந்தால், பரண் மேல் ஒரு தரம் ஏறிப் பாருங்கள். கேசட்டில் பூஞ்சை இருந்தால் நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டாம், டேப் அறுந்துவிடும். அப்படியே கொண்டு வாருங்கள். டிஜிட்டலுக்கு மாற்றித் தருவது என் பொறுப்பு.