எண்பத்தொன்பதாவது பெயர்

2014 ஜூன் மாதக் கடைசி ஞாயிறு, விடிய ஐந்து மணிக்கு சிட்னியில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த நேரத்தில் மணி அடித்தால் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். இழவுச் செய்தியாக இருக்குமோ என்று பயந்து எடுத்தால், ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மாவின் மகன்.

"தம்பி, உங்கட சிட்னிப் பெடியனை எடுத்திட்டாங்கள்!"

எந்தப் பெடியன், யார் எடுத்தது, பொலிஸா என்று நான் கேட்க அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. ஐஸ் ஹொக்கியாம். நேதன் வோக்கர் என்ற பெயராம். வோஷிங்டன் கப்பிட்டல்ஸ் அணி எண்பத்தொன்பதாவது ஆளாகத் தெரிவு செய்திருக்கிறதாம். அவுஸ்திரேலியாவில் வளர்ந்த ஒருவரை வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக் இப்படித் தெரிவு செய்தது அதுதான் முதல் தடவை.

அண்ணையின் பரபரப்புக்குக் காரணம் வேறு. அந்த வசந்தத்தில் ஒன்ராறியோ இளையோர் லீக்கின் தெரிவில் அவருடைய மகன், என் பெறாமகன், பெயர் வராமல் விடுபட்டுப் போனான். பத்து வருடம் விடியப்புறத்தில் எழும்பி, பனிக்குள் கார் ஓட்டி, இரண்டாவது வேலை செய்து, சப்பாத்துக்கும் மட்டைக்கும் காசு கொட்டிய மனிசன். "எங்கட பெடியனைப் பார்க்க வந்தவன் பத்து நிமிசம் நிண்டிட்டுக் கோப்பி குடிக்கப் போட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணை எழுபதுகளின் தரப்படுத்தலில் பொறியியல் பீடத்தைத் தவறவிட்டவர். ஒரு இலக்கத்தை வைத்து ஆளை அளக்கிற எதைக் கண்டாலும் அவருக்கு அந்தப் பழைய காயம் திறந்துவிடும்.

அதன் பிறகுதான் நான் இந்த விஷயத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

இந்த நாட்டில் ஐஸ் ஹொக்கியா என்று சிரிக்க வேண்டாம். 1906 ஜூலையில் மெல்பேணின் கிளசியேரியம் பனி அரங்கில் விக்டோரிய அணி ஒன்று பால்டிமோர் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மாலுமிகளோடு விளையாடி ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்திருக்கிறது. அடுத்த வருடம் சிட்னியிலும் ஒரு பனி அரங்கு திறந்தது. 1960இல் ஸ்குவோ வலி குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஒரு அணியையும் அனுப்பினார்கள். விளையாடிய எல்லாவற்றிலும் தோற்றுத் திரும்பியது. ஹொக்கியில் ஒலிம்பிக் போனது அந்த ஒரு தடவைதான்.

வோக்கர் பிறந்தது 1994இல், வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில். இரண்டு வயதில் குடும்பம் சிட்னிக்கு வந்தது. அதாவது அவரும் வந்தேறுகுடிதான், எங்களைப் போல் கப்பலிலும் காட்டிலும் அலையாமல் வந்தவர் என்பதுதான் வித்தியாசம். ஆறு வயதில் அண்ணனைப் பார்த்துப் பனியில் இறங்கினார். சிட்னியில் அவருக்குச் சரிசமனான எதிராளிகள் கிடைக்கவில்லை. பதின்மூன்று வயதில், தாய் தகப்பனை விட்டு, மொழி தெரியாத செக் குடியரசுக்கு, ஒஸ்ட்ராவா நகரின் வித்கோவிட்ஸ் கழகத்துக்குப் போனார். பதினேழு வயதில் அந்த நாட்டின் முதல்தர லீக்கில் வளர்ந்த ஆம்பிளைகளோடு விளையாடினார்.

வட அமெரிக்க லீக்கின் டிராஃப்ட் என்பது 1963இல் மொன்றியலில் தொடங்கிய ஏற்பாடு. ஒவ்வொரு அணியும் முறை வைத்துப் பதினெட்டு வயதை அண்டிய பெடியளைப் பெயர் சொல்லி எடுக்கும். வோக்கரின் காலத்தில் ஏழு சுற்று, இருநூறுக்கு மேல் பெயர்கள். அதற்காக அணிகள் வைத்திருக்கிற ஆட்களை ஸ்கவுட் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் காக்கிக் களிசானும் கழுத்துத் துண்டுமாகச் சாரணர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். இவர்கள் வேறு. குளிர் அரங்குகளின் மேல் வரிசையில் கொப்பியும் பேனையுமாக இருந்து, எந்தப் பெடியன் அடுத்த ஐந்து வருடத்தில் எப்படி வருவான் என்று எழுதுகிற சாத்திரிமார். 1975 முதல் லீக்கே ஒரு மத்திய பணியகம் வைத்துத் தரவரிசைப் பட்டியல் போடுகிறது. கோல் கணக்கு, உயரம், எடை, சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சு அளவு எல்லாம் தாளில் வரும்.

தாளில் வோக்கர் நல்லாக இல்லை. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். 2012இல் பெயர் வரவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோவுக்குப் போய் யங்ஸ்டவுன் இளையோர் அணியில் விளையாடினார். 2013இலும் வரவில்லை. இரண்டு வருடத்திலும் சேர்த்து நானூறுக்கு மேற்பட்ட பெயர்கள் வாசிக்கப்பட்டிருக்கின்றன, அதில் இவர் பெயர் இல்லை. அந்த இலையுதிர்காலத்தில் வோஷிங்டன் அணி தன் கீழ் அணியான ஹேர்ஷி பெயர்ஸில் அவருக்கு ஒரு இடம் கொடுத்தது. 43 ஆட்டங்களில் 5 கோல்கள். முன்வரிசை ஆட்டக்காரனுக்கு இது பெரிய கணக்கில்லை.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம். மற்ற அணிகளின் ஆட்கள் பார்த்தது அந்த 5 என்ற இலக்கத்தை. வோஷிங்டன்காரர் ஒரு பருவம் முழுக்க அந்த ஆளைத் தங்கள் கண் முன்னால் வைத்திருந்தார்கள். கீழ்வரிசையில் கொஞ்ச நேரம்தான் பனியில் விடப்படுகிற பத்தொன்பது வயதுப் பெடியன், தன்னைவிடப் பெரியவர்களிடமிருந்து எத்தனை தரம் வட்டைப் பறிக்கிறான், மோதி விழுந்தால் எவ்வளவு வேகமாக எழும்புகிறான் என்பதெல்லாம் கோல் கணக்கில் வராது. என் அகதி விண்ணப்பத்தை ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வாசித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. திகதிகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தார். பாவம், அவருக்கும் தாள்தான் கிடைத்தது.

பிலடெல்பியாவில் நடந்த 2014 டிராஃப்டில், இவரை வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடலாம் என்ற பயத்திலோ என்னவோ, வோஷிங்டன் நியூ யோர்க் ரேஞ்சர்ஸிடம் இருந்து எண்பத்தொன்பதாவது இடத்தை வாங்கியது. விலையாகத் தனது இரண்டு நான்காம் சுற்று இடங்களை, 104ஐயும் 118ஐயும், கொடுத்தது. இரண்டு தடவை யாருக்கும் வேண்டாதவனுக்கு இரட்டை விலை.

இப்படிப்பட்ட கதைகளில் பெயர் போனது பவெல் டட்சுக்கினுடையது. சுவீடன்காரர் ஹாக்கன் அண்டர்சன், டெட்ரொயிட் அணிக்காக ரஷ்யாவில் வேறொரு பெடியனைப் பார்க்கப் போன இடத்தில் எதிரணியில் நின்ற இந்தச் சின்ன ஆள் கண்ணில் பட்டார். அவரும் இரண்டு தடவை கைவிடப்பட்டவர். 1998இல் 171ஆவதாக எடுத்தார்கள். திரும்பவும் பார்க்கப் போக இருந்தபோது பனிப்புயலால் விமானம் ரத்தானது, அதில் வர இருந்த இன்னொரு அணியின் ஆள் டட்சுக்கைப் பார்க்காமலே போனார் என்று அண்டர்சன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். டட்சுக் இரண்டு ஸ்டான்லி கிண்ணங்கள் வென்றார். ஆள் பார்க்கிற தொழிலில் கண்ணுக்கு எவ்வளவு பங்கோ காலநிலைக்கும் அவ்வளவு பங்கு.

வோக்கர் டட்சுக் ஆகவில்லை. 2017 ஒக்டோபர் 7 அன்று மொன்றியலுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். இரண்டு மாதத்துக்குள் எட்மன்டன் கொண்டுபோய், திரும்ப வோஷிங்டனே எடுத்தது. 2018 மே மாதத்தில் பிட்ஸ்பேர்க்கை வெளியேற்றிய ஆட்டத்தில் இறங்கி ஒரு கோலுக்குப் பந்தி வைத்தார். அந்த வருடம் வோஷிங்டன் கிண்ணத்தை வென்றது. பிறகு சென்ட் லூயிஸ் அணியில், 2021 டிசம்பரில், ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள். நட்சத்திரம் என்று சொல்ல முடியாது, நாலாம் வரிசை உழைப்பாளி.

அண்ணைக்கு இதையெல்லாம் அவ்வப்போது தொலைபேசியில் சொல்லிவந்தேன். அவருக்குப் பிடித்த கதை, ஏனென்றால் கடைசியில் யாரோ ஒருவர் பார்த்தார்கள் என்று வருகிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கனகாலம் சொல்லாமல் வைத்திருந்தேன். வோக்கருக்காகக் கைமாறிய அந்த 118ஆவது இடத்தில் ரேஞ்சர்ஸ் ஒரு ரஷ்யக் கோல் காப்பாளரை எடுத்தது. பெயர் இகோர் ஷெஸ்டேர்கின். 2022இல் லீக்கின் மிகச் சிறந்த கோல் காப்பாளருக்கான வெசினா விருது அவருக்குத்தான். வெறும் வியாபாரமாகப் பார்த்தால் வோஷிங்டன் ஏமாந்தது. சிட்னிப் பெடியனைச் சரியாகக் கண்டுபிடித்த அதே நாளில், அதே கையால், அவனைவிடப் பெரிய ஒருவனுக்கான இடத்தை அடுத்தவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஷெஸ்டேர்கினையும் அன்றைக்கு நூற்றிப் பதினேழு பேருக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள்.

2023 செப்டெம்பரில் மெல்பேணின் ரொட் லேவர் அரங்கில், டென்னிஸ் விளையாடுகிற இடத்தில் பனி உறையவைத்து, அரிசோனாவும் லொஸ் ஏஞ்சல்ஸும் இரண்டு ஆட்டங்கள் ஆடின. அன்றிரவு அண்ணைக்கு எடுத்து, ஷெஸ்டேர்கின் கதையை ஒருபடியாகச் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப அவங்களுக்கும் ஒண்டும் தெரியாது," என்றார்.

பெறாமகன் ஹொக்கியை விட்டுக் கனகாலம். மின்னியல் தொழில் படித்து நல்லாக இருக்கிறான். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பனியில் பயிற்சி கொடுக்கிறானாம். மேல் வரிசையில் கோப்பியோடு யாராவது நின்றால், அண்ணை இப்பவும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாராம்.