ஆளை இறக்கிவிட்ட சொல்

ஆரம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு வெளியே, ஐஸ் தண்ணீர் சொட்டும் இறால் பெட்டிகளோடு ஒரு மூன்று சக்கர வண்டி நின்றது. பேர் என்ன என்று கேட்டேன். “மீன்பாடி வண்டி, வேற என்னா?” என்றார் வண்டிக்காரர்.

பாடி என்றதும் தமிழ் படித்த மனம் ஆயர்பாடிக்கு ஓடும். திணை மரபில் பாடி முல்லை நிலத்து ஊர். நெய்தலுக்கு உரியவை பாக்கமும் பட்டினமும். பழவேற்காட்டு ஏரிப் பக்கத்து ஆரம்பாக்கம் தன் பெயரிலேயே அதைச் சுமக்கிறது. முல்லைக்குள் மீன் எப்படி வந்தது? திணைமயக்கம் ஒன்றுமில்லை. லாரிக்குப் பாடி கட்டுகிறோமே, அந்த இங்கிலீஷ் பாடிதான் இது என்று தோன்றுகிறது.

இந்த வண்டி சைக்கிள் ரிக்ஷாவுக்குப் பங்காளி. ரிக்ஷாவின் பூர்வீகம் ஜப்பான். 1870 வாக்கில் டோக்கியோ தெருக்களில் அது ஓடத் தொடங்கியபோது முழுப்பெயர் ஜின்ரிகிஷா. ஜின் என்றால் ஆள், ரிகி வலு, ஷா வண்டி. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் தேய்ந்தபோது முதலில் விழுந்தது ஜின். பெயரிலிருந்து ஆள் இறங்கிவிட்டான். வண்டியை இழுப்பதிலிருந்து அவனுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

1870களில் அது ஷாங்காய்க்குப் போனது. சீனர் அதை அயலானாகவே பார்த்தார்கள். ‘தோங்யாங்சே’ என்றார்கள்: கிழக்குக் கடல் வண்டி, அதாவது ஜப்பான் வண்டி. பெய்ஜிங்கில் ‘யாங்சே’, வெறும் அயல்நாட்டு வண்டி. ஷாங்காய் வாடகை வண்டிகளுக்கு மஞ்சள் பூசியதும் பெயரிலும் மஞ்சள் ஏறி ‘ஹுவாங்பாவ்சே’ ஆயிற்று. பிறகு மிதித்து ஓட்டும் வண்டி வந்தது; அது ‘சான்லுன்சே’, மூன்று சக்கர வண்டி. இலங்கைத் தமிழர் ஆட்டோவை முச்சக்கர வண்டி என்பதும் இதே வழிதான்.

பெயரில் இருந்த அயலான் இறங்கிப் போனான். இருக்கையில் வந்து உட்கார்ந்துகொண்டான். பெய்ஜிங்கின் பழைய ஹூதோங் சந்துகளில் இன்று சான்லுன்சே ஏறுபவர்களில் சுற்றுலாக்காரர்களே அதிகம். மொழி தெரியாதவர் விரல்களை நம்புவார். வம்பே அங்கேதான். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் நீட்டினால் நமக்கு இரண்டு, சீனருக்கு எட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீண்டால் ஆறு. இருபது என்று நினைத்து ஏறியவர் எண்பது கொடுத்து இறங்க இந்த ஒரு கை போதும்.

ரிக்ஷாவை இழுத்த சீனருக்கு வெள்ளைக்காரர் வைத்த பேர் ‘கூலி’. குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து வந்தது என்போர் உண்டு; நம் கூலியே என்போரும் உண்டு. எனக்கு இரண்டாவதன் பக்கம்தான் சாய்வு, அது சொந்தப் பாசமாகவும் இருக்கலாம். நமக்குக் கூலி என்பது காசு. வாங்குகிறவர் கூலிக்காரர், கூலியாள். ஆங்கிலத்தில் காசின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. சீனர் அதை ‘குலி’ என்று எழுத இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தார்கள்: ஒன்று கசப்பு, மற்றது வலு. அந்த வலுவும் ஜின்ரிகிஷாவின் நடுவில் உள்ள ரிகியும் ஒரே எழுத்து! ஜப்பான் வண்டியும் தமிழ்க் கூலியும் சீனத் தெருவில் ஓரெழுத்தில் முட்டிக்கொண்டதை எந்த அகராதிக்காரரும் திட்டமிட்டிருக்க முடியாது.

விழுந்த ஆளைத் தமிழ் ஒரு விகுதியால் ஏற்றியது: ரிக்ஷாக்காரர். 1971இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ரிக்ஷாக்காரன்’ தலைப்பில் அவன் இருக்கிறான். அந்தப் படம் அவருக்குத் தேசிய விருதும் தந்தது. 1973இல் மு. கருணாநிதி அரசு சென்னையில் கைரிக்ஷாவை ஒழித்துச் சைக்கிள் ரிக்ஷாக்களைக் கொடுத்தது. ஆட்டோரிக்ஷாவும் வந்தது. அதிலும் நாம் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஆட்டோ’ என்கிறோம். ஜின் எப்போதோ போனது. இப்போது ரிகியும் ஷாவும் போயின.

ஆரம்பாக்கத்து வண்டியில் பெடலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் பொருத்தியிருந்தது. ஊருக்குள் போகக் கூலி எவ்வளவு என்று கேட்டேன். பெட்டிக் கணக்கைச் சொன்னார்.

“ஆளுக்குண்ணே?”

“ஆளெல்லாம் ஏத்தறதில்ல சார்.”